கீழே அம்மா அப்பா, மேலே தம்பி குடும்பம்: படியில்லாத வீட்டுக்கு மட்டம் எப்படி வைப்பது?

தோட்டப்புறம்72

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் 50க்கு 80 அடி காலி மனை. பழைய ரப்பர் நிலத்தைப் பிரித்து விற்ற இடம். கிராண்டு (நிலப் பட்டா) அப்பா பெயரில் தனியாக இருக்கிறது; கட்டட நிலம் என்றே போட்டிருக்கிறது. முன்னால் சாலை, சாலையோரம் சாக்கடை. மனை சாலையைவிட அரை அடி உயரம். அடைமழை பெய்தால் சாலையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், பிறகு வடிந்துவிடும்.

கீழே அப்பா, அம்மா, நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு இடது பக்கம் பலவீனம். இப்போது வாக்கர், பின்னாளில் சக்கர நாற்காலி என்று எண்ணித்தான் கட்ட வேண்டும். மேலே தம்பி குடும்பம்: தனி வாசல், தனிச் சமையலறை. அவர்கள் மாற்றலாகிப் போனால் மாடியை வாடகைக்கு விடலாம் என்பது திட்டம்.

குத்தகையாளர் (வீடு கட்டும் ஒப்பந்தக்காரர்) கொடுத்த முதல் வரைபடத்தில் முன்வாசலில் மூன்று படி, பக்கத்தில் "ரேம்ப்" (சாய்தளம்) என்று எழுதி 6 அடிக்கு ஒரு கோடு. அது போதாது என்று மட்டும் தெரிகிறது. தரை மட்டம் எவ்வளவு வைக்கலாம்? கீழ்க் குளியலறை எப்படி? மாடியைத் தனிவீடாகப் பிரிக்க முதலிலேயே என்னென்ன செய்ய வேண்டும்? லிஃப்ட்டுக்கு இடம் விட வேண்டுமா?

மட்டக்கோல்

6 அடி ரேம்ப்பில் அம்மாவைத் தள்ள முடியாது. மூன்று படி என்றால் சுமார் 450 மி.மீ.; அதை 1.8 மீட்டரில் ஏற்றினால் 1:4 சரிவு. சாமான் ஏற்றும் லாரிப் பலகை அது. எல்லாரும் தடையின்றிப் புழங்கும் கட்டடங்களுக்கான மலேசியத் தரம் எம்.எஸ். 1184:2014 சொல்வது 1:12. அதாவது ஒரு பங்கு ஏற 12 பங்கு நீளம். 1:20 கிடைத்தால் இன்னும் நல்லது. தனி வீட்டுக்கு அந்தத் தரம் கட்டாயமில்லை, அதனால்தான் யாரும் கேட்பதில்லை. ஆனாலும் அளவுகளை அதிலிருந்தே எடுங்கள்.

அறைகளைப் பிறகு பார்க்கலாம், முதலில் மட்டம். சாலையின் மேல்மட்டத்தைப் பூச்சியம் என்று வையுங்கள். தண்ணீர் கணுக்கால் அளவு என்றால் 100 மி.மீ. சொச்சம். வீட்டுத் தரை +450, கார் போர்ச் +150 (இப்போதைய மனை மட்டமே). தரையை +300க்கு இறக்கினால் ரேம்ப் குறையும் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். சாக்கடை அடைத்துக்கொண்ட ஒரு மழை போதும். மனை முழுவதையும் மண் கொட்டி உயர்த்துவதும் வேண்டாம்: தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், மண்ணும் இறங்கும்.

ஆக, போர்ச்சிலிருந்து வீட்டுக்கு ஏற வேண்டியது 300 மி.மீ. 1:12 என்றால் 3.6 மீ. ரேம்ப். அதன் தலைப்பில், கதவுக்கு முன்னால் 1.5க்கு 1.5 மீ. சமதளம். கூட்டினால் 5.1 மீ. முன்பக்கம் 20 அடி, அதாவது 6.1 மீ. விட வேண்டியிருந்தால் அடியில் திரும்ப 1 மீ.தான் மிஞ்சும், அங்கேயும் 1.5 வேண்டும். முன்சுவரை வாசல் இருக்கும் இடத்தில் மட்டும் 500 மி.மீ. உள்ளே தள்ளுங்கள், கணக்கு சரியாகிவிடும். பக்கவாட்டில் ரேம்ப் போட்டுச் சமையலறைக் கதவு வழியாகப் பெரியவர்களை ஏற்றும் வரைபடங்கள் நிறைய வருகின்றன. இடம் இருக்கும்போது அது தேவையில்லை. எல்லாரும் ஒரே வாசலில் நுழையட்டும்.

ரேம்ப் உள் அகலம் 1.2 மீ., இரு ஓரமும் 100 மி.மீ. உயரக் கரை, இரு பக்கமும் 850 முதல் 900 உயரத்தில் கைப்பிடி. கைப்பிடி ரேம்ப்பின் இரு முனையிலும் 300 மி.மீ. தாண்டி நீள வேண்டும். வாக்கர் பிடிப்பவர் முதல் அடி வைக்கும்போதும் கடைசி அடி வைக்கும்போதும்தான் அதைத் தேடுவார். போர்ச் அகலம் 12 அடிக்குக் குறையக் கூடாது. காரின் கதவை முழுக்கத் திறந்து, பக்கத்தில் நாற்காலி நிற்க 1.2 மீ. தேவை. போர்ச் தரை சமமாக இருக்கட்டும், 1:50க்கு மேல் சரிவு வேண்டாம். சரிவில் நாற்காலி நகரும், காரிலிருந்து இறக்கும் நேரத்தில்தான் விழுவார்கள். போர்ச் கூரை மேல் சமதளம்வரை நீண்டு வரட்டும். மழை கதவில் அடிக்கவில்லை என்றால்தான் வாசலைச் சமமாக வைக்க முடியும்.

காகித வேலை: கிராண்டில் தனிப் பெயர், கட்டட நிலம் என்பது உங்கள் அதிர்ஷ்டம். துண்டாடிய தோட்ட நிலங்களில் பல பேர் பங்கு ஒரே கிராண்டில் கிடக்கும், நிலவகை விவசாயம் என்றே இருக்கும். அப்படியிருந்தால் நில அலுவலகத்தில் அதை முடிக்காமல் வரைபடத்துக்கே போக முடியாது. உங்களுக்கு அடுத்தது கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் கட்டட வரைபடம். மாடியில் இரண்டாவது சமையலறை வருகிறது, பின்னால் வாடகைக்கும் போகலாம் என்பதை வரைவாளரிடம் மறைக்காதீர்கள். வரைபடத்தில் "ஸ்டோர்" என்று எழுதி அங்கே சமையல் மேடை கட்டினால், கடைசியில் சி.சி.சி. சான்றிதழில் (வீடு விதிப்படி கட்டி முடிந்தது என்பதற்கான சான்று) கையெழுத்துப் போடுகிறவர் மாட்டிக்கொள்வார், அவர் கையெழுத்துப் போடாவிட்டால் நீங்கள். சொந்த வீடு கட்ட இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணம் எடுப்பதாக இருந்தால் அது 2024 மே முதல் அக்கவுன் செஜாதெரா என்ற கணக்கிலிருந்து. அதற்கும் அங்கீகாரம் பெற்ற வரைபடம் கேட்பார்கள்.

மாடிப்படி: தளத்துக்குத் தளம் 3.2 மீ. என்று வையுங்கள். 160 மி.மீ. உயரத்தில் 20 படி. கட்டடத் துணைச்சட்டம் 1984 அனுமதிப்பது உயரம் 180 வரை, மிதி 255க்குக் குறையாமல். 20 படியை ஒரே ஓட்டமாக வைக்காமல் 10 + 10, நடுவில் திருப்பம். மிதி 290 வைத்தால் ஒரு ஓட்டம் 2.61 மீ. நடுத்திருப்பத்துக்கு 1.1, கீழே கால்வைக்க 1.1, மொத்தம் ஏறத்தாழ 4.8 மீ. நீளம், 2.3 மீ. அகலம். போர்ச் பக்கம், வாசல் சமதளத்தின் மட்டத்திலிருந்து (+450) நேரே ஏற வேண்டும், கீழ்வீட்டுக் கூடத்தைத் தொடக் கூடாது. வெளியே திறந்த இரும்புப் படி மலிவு. ஆனால் ஈப்போ பக்கத்து மழையில் அது வழுக்கும், துருவும், இரவில் இறங்குகிறவர்களின் காலடி கீழே படுத்திருப்பவர் காதில் விழும். காங்கிரீட்டில், கூரைக்கு உள்ளே கட்டுங்கள்.

சைட்_மேஸ்திரி

மட்டக்கோல் ஐயா சொன்னது காகிதத்தில் சரி. அந்தச் சமவாசல் ஒரு வருடத்தில் எப்படிப் படியாக மாறும் என்பதைச் சொல்கிறேன்.

வீடு நிற்பது பைல் அல்லது ஃபூட்டிங் மேல், அதாவது கெட்டியான அடித்தளத்தின் மேல். ரேம்ப்பும் வாசல் சமதளமும் வெறும் கொட்டிய மண் மேல். வீடு அசையாது, ரேம்ப் இறங்கும். 20 மி.மீ. இறங்கினாலே வாசலில் ஒரு உதடு. நாற்காலியின் முன்சக்கரம் அங்கே முட்டி நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்வார். பழைய ரப்பர் நிலத்தில் இது இரட்டிப்பு. மரத்தை வெட்டியிருப்பார்கள், வேர்க்கட்டையை அப்படியே மூடியிருப்பார்கள். அது மக்க மக்க மேலே குழி விழும், கரையானுக்கும் அதுவே வீடு. எனவே கடைக்கால் போடும் முன் மண்வாரியை வைத்து, கட்டடம் வரும் இடம் மட்டுமல்ல, போர்ச்சும் ரேம்ப்பும் வரும் இடத்திலும் கட்டைகளைப் பிடுங்கி வெளியேற்றுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்றால் அப்புறம் பார்ப்பது டைல்ஸை உடைத்துத்தான்.

வாசல் சமதளத்தை வீட்டுத் தளத்தின் நீட்சியாகவே வார்க்க வேண்டும். கிரவுண்ட் பீமிலிருந்து (தரைமட்ட உத்திரம்) கம்பி வெளியே நீட்டி, முன்னோரத்தில் ஒரு பீமும் கொடுத்து, மண்ணை நம்பாத தளமாக. ரேம்ப்பின் மேல்முனை அந்த முன்பீமின் மேல் உட்கார வேண்டும். அடியில் மண்ணை 150 மி.மீ. அடுக்காகக் கொட்டி ஒவ்வொரு அடுக்கையும் அழுத்துங்கள். ஒரே மூச்சில் ஒன்றரை அடி கொட்டி மேலே லாரியை ஓட்டினால் அது அழுத்தியதாகாது. மேற்பரப்பு துடைப்பம் இழுத்த காங்கிரீட். இழுப்பு குறுக்குவாக்கில், நீளவாக்கில் அல்ல. ரேம்ப்புக்கு டைல்ஸ் போடாதீர்கள், கடைக்காரர் எந்த எண்ணைக் காட்டினாலும்.

கரையான் மருந்து தளக் கம்பி கட்டுவதற்கு முன், மண்ணின் மேல். பிறகு பிளாஸ்டிக் விரிப்பு, பிறகு காங்கிரீட். ரேம்ப்புக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட மூட்டுதான் கரையானுக்கு நெடுஞ்சாலை, அங்கேயும் தெளிக்கச் சொல்லுங்கள்.

வாசலில் தண்ணீர்: கதவுக்கு வெளியே, வாசலின் முழு அகலத்துக்கும் 100 மி.மீ. அகலக் கால்வாய், மேலே எஃகுச் சல்லடை. சல்லடை இடைவெளி 12 மி.மீ.க்குள், கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்கே. நீளவாக்கில் போட்டால் முன்சக்கரம் உள்ளே இறங்கிவிடும். அந்தக் கால்வாயிலிருந்து வெளியேறும் பைப் 75 மி.மீ. ஆவது இருக்கட்டும். கூரைத் தண்ணீர்ப் பைப்பை அதில் சேர்க்காதீர்கள், இழுக்க முடியாமல் பொங்கி வாசலுக்குள்ளேயே வரும்.

இனி கிரில். நம் ஊரில் கிரில் இல்லாத வாசல் ஏது? தள்ளுகிற கிரில்லுக்குக் கீழே 20, 25 மி.மீ. தண்டவாளம். முழு ரேம்ப்பும் கட்டி முடித்த பிறகு கிரில்காரர் வந்து அதைத் தரைமேல் திருகிவிட்டுப் போவார். அடிச்சட்டம் இல்லாத, கீலில் திறக்கும் கிரில் செய்யச் சொல்லுங்கள். அடியில் 10 மி.மீ. இடைவெளி போதும். பின்பக்க அலுமினியக் கண்ணாடிக் கதவுக்கும் இதே தொல்லை. அதன் தண்டவாளம் 40 மி.மீ.க்கு மேல் வரும். தளம் வார்க்கும்போதே அந்த இடத்தில் பள்ளம் விட்டால்தான் புதைக்க முடியும், பிறகு வெட்டினால் கம்பி தெரியும்.

கதவு அளவு: "மூணடிக் கதவு" என்றால் நிலைச்சட்டமும் சேர்த்து மூன்றடி. பலகையின் தடிப்பும் கீலும் போக நடக்கக் கிடைப்பது 800க்கும் கீழே. கீழ்த்தளம் முழுக்க 1000 மி.மீ. நிலை வாங்குங்கள், 850க்கு மேல் தெளிவாகக் கிடைக்கும். நடை 1.2 மீ.

கைத்தாங்கல்

குளியலறை பற்றி. பெரும்பாலோர் இங்கேதான் பணத்தைக் கொட்டுகிறார்கள், பாதி பயன்படுவதில்லை.

அளவு குறைந்தது 1.8க்கு 2.4 மீ. அதற்குள் 1.5 மீ. வட்டம் ஒன்று தடையில்லாமல் வரவேண்டும். பேசினின் அடியில் வட்டம் நுழைந்தால் பரவாயில்லை. கதவு வெளியே திறக்கட்டும் அல்லது மேல்தொங்கு சறுக்குக் கதவாக இருக்கட்டும். உள்ளே திறக்கும் கதவு ஆபத்து: உள்ளே ஒருவர் விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாள் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பக்கூடிய வகை.

கக்கூஸ் பீங்கானின் உயரம்: எல்லாரும் "உயரமானது, 480" என்று வாங்குகிறார்கள். வாக்கரில் இருக்கும்வரை அது நல்லது. ஆனால் பின்னால் சக்கரம் வைத்த குளியல் நாற்காலிக்கு மாறும்போது, அந்த நாற்காலி பீங்கானுக்கு மேலே உருண்டு போய் நிற்க வேண்டும். 480 என்றால் அடியில் இடிக்கும். எனவே 400 முதல் 420 உயரப் பீங்கானை வைத்து, இப்போதைக்கு மேலே கழற்றும் உயர இருக்கை மாட்டுங்கள். நாற்காலி வந்ததும் அதைக் கழற்றிவிடலாம். சுவரோடு ஒட்டிய தண்ணீர்த் தொட்டி உள்ள மாதிரியில் பின்பக்கம் எவ்வளவு தூரம் நாற்காலி போகும் என்பதையும் கடையிலேயே டேப் வைத்துப் பாருங்கள்.

உங்கள் அம்மாவுக்கு இடது பக்கம் பலவீனம். உட்கார்ந்த நிலையில் அவருடைய வலது கைப்பக்கம் சுவர் இருக்கும்படி பீங்கானை வையுங்கள். பீங்கானின் நடுக்கோடு சுவரிலிருந்து 450. அந்தச் சுவரில் எல் வடிவக் கைப்பிடி: கிடைக்கம்பி தரையிலிருந்து 700, நிற்கும் கம்பி பீங்கானின் முன்விளிம்பைவிட 200 முன்னே. எழும்போது கை முன்னால் இழுக்கும், கீழே அழுத்தாது. அதனால்தான் நிற்கும் கம்பி. இடது பக்கம் 900 மி.மீ. காலியாக விட்டு, மடக்கித் தூக்கும் கைப்பிடி. அது உதவிக்கு நிற்பவருக்கும், பின்னாளில் அப்பாவுக்கும். கம்பியின் குறுக்களவு 32 முதல் 38, சுவரிலிருந்து இடைவெளி 40 முதல் 50. இடைவெளி கூடினால் முழங்கை உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும். உறிஞ்சி ஒட்டும் ரப்பர்க் கைப்பிடி எதையும் வாங்காதீர்கள்.

தண்ணீர்க் குழல் (வாலி, கோப்பை பழக்கம் இருந்தாலும்) வலது கை எட்டும் சுவரில். பேசின் அடிப்பாகம் தரையிலிருந்து 680க்கு மேல், கழிவுப் பைப் சுவரை ஒட்டி. இல்லாவிட்டால் முழங்கால் இடிக்கும்.

படுக்கையறை: குளியலறைக்குக் கதவு நேராக, கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியும்படி. 12க்கு 14 அடி இருந்தால் போதும். கட்டிலின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டாதீர்கள். ஒரு பக்கம் பலவீனமானவர் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவது வலுவான பக்கம் நோக்கி. திரும்பி நாற்காலிக்கு வருவதும் வலுவான பக்கம் நோக்கியே. ஒரே பக்கத்தில் இரண்டும் நடக்காது. இரு பக்கமும் 900 வேண்டும், ஒரு பக்கம் 1.2 என்றால் மேல். இதைக் கவனிக்காமல் அறையை நிரப்பிவிட்டு, "அம்மாவைத் தூக்கவே முடியவில்லை" என்கிறார்கள்.

சுவிட்சுகள் 900 முதல் 1100க்குள், பிளக்குகள் தரையிலிருந்து 450. கட்டில் பக்கத்தில் ஒரு மணிச் சுவிட்ச், அதன் ஒலி மாடியிலும் கேட்கட்டும். தம்பி குடும்பம் மாறிப்போனாலும் வயர் கிடக்கும்.

சைட்_மேஸ்திரி

கைத்தாங்கல் சகோதரி சொன்ன கைப்பிடி மாட்டும் சுவர் சாதாரணச் செங்கல்லாக இருக்கட்டும். உள்ளீடற்ற பிளாக் வேண்டாம். ஆணி உள்ளே வெற்றிடத்தில் தொங்கும், ஒருநாள் டைல்ஸோடு பெயர்ந்து வரும். கைப்பிடி ஸ்டெயின்லெஸ் 304, அதை மாட்டுவது கெமிக்கல் ஆங்கரில் (துளையில் பசை நிரப்பிப் பதிக்கும் ஆணி). சாந்து பூசும் முன் அந்தச் சுவரைப் படமெடுத்து, பைப் எங்கே போகிறது என்று அளவு எழுதி வையுங்கள், துளையிடும்போது காப்பாற்றும்.

குளியலறைத் தளம் பற்றி ஒன்று, இதில்தான் சண்டை வரும். வழக்கம் என்ன? தளத்தை 50 மி.மீ. இறக்கி வார்ப்பார்கள், டைல்ஸ் முடித்த பிறகும் வாசலில் ஒரு அங்குலம் பள்ளம் விடுவார்கள். டைல்ஸ்காரர் கை அப்படியே பழகியிருக்கும். உங்களுக்கு வேண்டியது: தளம் 50 இறங்கியே இருக்கட்டும், ஆனால் முடிந்த மட்டம் கதவில் பூச்சியம், வடிகாலில் கழித்தல் 25. கதவிலிருந்து வடிகால் 2 மீட்டர் என்றால் அது 1:80 சரிவு. குளிக்கும் மூலையில் மட்டும் 1:60. அறையின் சாந்தும் டைல்ஸும் சேர்ந்து 50, இறக்கம் 50, ஆக உங்கள் கையில் 100 இருக்கிறது. சரிவு போக வடிகாலருகே 75 மிஞ்சும்; நீர்க்காப்பு, சாந்து, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து அங்கே 65 இருந்தாலே நடக்கும். இந்த எண்களை வரைபடத்தில் எழுதுங்கள், சுவரிலும் மார்க்கர் கோடு போடுங்கள். வாய்ச்சொல் நிற்காது.

நீளமான வடிகால் குளிக்கும் பக்கத்துக் கடைசிச் சுவரோரம். கதவருகே வைத்தால் எல்லா நீரும் கதவை நோக்கி ஓடும். ஆனால் காப்புக்கு ஒரு சிறிய ஃபுளோர் டிராப் (தரையில் பதித்த வடிகால் வாய்) கதவுக்கு அருகில் இருக்கட்டும். தரை டைல்ஸ் பெரிது வேண்டாம், நான்கு பக்கச் சரிவுக்கு 600 டைல்ஸ் வளையாது, முனை தூக்கும். 100 அல்லது 150 சதுரம், சொரசொரப்பானது.

நீர்க்காப்பு இரண்டு பூச்சு, ஒன்றுக்கு ஒன்று குறுக்குவாக்கில். மூலையில் சாந்து வளைவு. சுவரில் 300 உயரம், குளிக்கும் இடத்தில் 1.8 மீ. சமவாசல் என்பதால் அதைக் கதவுக்கு வெளியே படுக்கையறைத் தளத்திலும் 500 மி.மீ. இழுக்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. படுக்கையறை டைல்ஸின் அடியில் ஈரம் ஊறி மூட்டு கறுத்த பிறகுதான் தெரியும். டைல்ஸுக்கு முன் வடிகாலை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். மாடிக் குளியலறைக்கு இது கட்டாயம், அடியில் கூரைப்பலகை மாட்டுவதற்கு முன்பே.

பைப்பும்_வயரும்

மாடியைப் பிரிப்பது பற்றி. சுவர் கதவு எல்லாம் பிற்பாடு மாற்றலாம்; பைப்பும் வயரும் முதலிலேயே பிரிந்திருக்க வேண்டும்.

மாடிக் குளியலறை கீழ்க் குளியலறைக்கு மேலே, மாடிச் சமையலறை கீழ்ச் சமையலறைக்கு மேலே. மாடியின் கழிவுப் பைப் கீழ்த்தளக் கூரைக்கு அடியில் தொங்கி ஓடும். அது அம்மா படுக்கைக்கு மேல் ஓடினால் ஒழுகலும் வரும், இரவில் தண்ணீர் ஊற்றும் ஓசையும் வரும். கீழ்க் குளியலறைக் கூரைப்பலகையில் திறக்கும் மூடி ஒன்று விடுங்கள். நின்று இறங்கும் பைப்பின் அடியில், தரைக்கு மேலே சுத்தம் செய்யும் வாய். இல்லாவிட்டால் மாடியில் அடைத்தது கீழ்வீட்டு ஃபுளோர் டிராப் வழியாகப் பொங்கும், அதுவும் படியில்லாத குளியலறையில் தடுக்க ஒன்றும் இல்லை, நேரே படுக்கையறைக்குத்தான். கீழ்வீட்டுக் கழிவை மாடிப் பைப்பில் சேர்க்காமல் தனியாக மேன்ஹோலுக்குக் கொண்டுபோங்கள். அந்தப் பொங்கலுக்கு முழு மருந்து அதுதான்.

சுங்கை சிப்புட்டின் உங்கள் பக்கம் பொதுக் கழிவுப் பைப் இல்லாமல் செப்டிக் தொட்டி என்றால், ஒரு வீட்டுக்கு 5 ஆள் கணக்கு. நீங்கள் இரண்டு குடும்பம், 10 ஆளுக்குப் போடச் சொல்லுங்கள். தொட்டியை ரேம்ப்புக்கு அடியில் மறைக்காதீர்கள், உறிஞ்சும் லாரியின் குழாய் எட்டுகிற இடம் வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி இரண்டு, மாடிக்கு ஒன்று கீழுக்கு ஒன்று. 1000 லிட்டர் என்றால் ஒரு டன். தாங்கும் பீமை எஞ்சினியர் கணக்கில் சேர்க்கட்டும், கூரை மரத்தில் ஏற்றாதீர்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார்தான் அழுத்தம். தொட்டியின் அடி மாடி ஷவரைவிட ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் 0.15 பார், ஹீட்டர் எரியாது. மாடிக்குச் சிறிய பம்ப் கட்டாயம். அதைக் கீழ்ப் படுக்கையறைக்கு மேல் வைக்காதீர்கள், ரப்பர்க் கால் போட்டு சமையலறைப் பக்கம் வையுங்கள். தெருக் குழாயிலேயே தனி மீட்டர் வேண்டுமானால் லெம்பாகா ஆயர் பேராக்கிடம் (பேராக் நீர் வாரியம்) கேட்டுப் பாருங்கள். எப்படியும் மாடிக்குப் போகும் பைப்பில் ஒரு வால்வும், உள்மீட்டர் பொருத்தும் இடமும் விடுங்கள்.

மின்சாரம்: ஒற்றை ஃபேஸ் 12 கே.வி.ஏ. வரை. ஒரு ஹீட்டர் 3.6 கிலோவாட். கீழே இரண்டு, மாடியில் இரண்டு, ஏர்கோன் நாலைந்து, இரண்டு சமையலறை. ஒற்றை ஃபேஸில் மூச்சு முட்டும். மூன்று ஃபேஸ் கேளுங்கள். மாடிக்குத் தனி மீட்டர் வேண்டும் என்றால் தெனாகாவுக்கு (மின்சார நிறுவனம்) விண்ணப்பம் வரைபட நிலையிலேயே, பதிவு பெற்ற மின்குத்தகையாளர் மூலம். அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாடியின் டி.பி. பெட்டி (மின்பகிர்வுப் பெட்டி) மாடியிலேயே இருக்க வேண்டும். டிரிப் ஆனால் அவர்கள் கீழே வந்து கதவைத் தட்டக் கூடாது. ஹீட்டருக்கு 10 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் துண்டிக்கும் சுவிட்ச்), பிளக்குகளுக்கு 30. ஒரே 100ஐ வைத்து முடிக்கும் ஆளை மாற்றுங்கள்.

ஓசைக்கு ஒரு வரி: மாடித் தளம் 150 மி.மீ., சாந்துக்கு அடியில் 5 மி.மீ. ரப்பர் விரிப்பு, விரிப்பு சுவரோரம் டைல்ஸ் மட்டம்வரை மடங்கி ஏற வேண்டும். மடிக்காமல் விட்டால் சாந்து சுவரைத் தொட்டு ஓசை அதன் வழியாக இறங்கும், போட்ட காசு வீண்.

தோட்டப்புறம்72

மிக்க நன்றி. வரைபடத்தை மாற்றச் சொல்லிவிட்டேன். இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, லிஃப்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. இரண்டு, அப்பா நிலைவாசல் வைத்துப் பூசை செய்யாமல் வீடு கட்டக் கூடாது என்கிறார். கீழ்ச்சட்டம் இல்லாத நிலை வாசலே அல்ல என்பது அவர் கட்சி. சட்டம் இருந்தால் 3 அங்குலத் தடை. என்ன செய்வது?

மட்டக்கோல்

நிலைவாசலுக்கு வழி இருக்கிறது. நான்கு சட்டமும் உள்ள முழு நிலையையே செய்யுங்கள், சிங்கால் அல்லது கெம்பாஸ் மரம். கீழ்ச்சட்டத்தைத் தரைக்குள் புதைத்து, அதன் மேல்முகம் முடிந்த தரையோடு சமமாக, அதிகம் போனால் 5 மி.மீ. மேலே. அதற்குத் தளத்தில் 100 ஆழம், 150 அகலம் பள்ளம் விட வேண்டும். இறங்கிய இடத்தில் கரையான் ஏறாமல் மரத்தின் மூன்று பக்கமும் மருந்தும் பிட்டுமனும். இன்னும் நல்லது, கீழ்ச்சட்டத்தை மட்டும் கறுப்புக் கிரானைட்டில் செய்வது. மஞ்சள் பூசலாம், குங்குமம் வைக்கலாம், அடியில் நவதானியமும் காசும் வைக்கலாம், ஊறாது. பூசை நாளில் நிலையை நிறுத்தும்போது தளம் வார்க்கப்படாமல் இருக்குமே என்று குத்தகையாளர் கேட்பார். நிலையைத் தற்காலிகமாக முட்டுக் கொடுத்து நிறுத்தி, தளத்தை அதைச் சுற்றி வார்க்கட்டும். ஆனால் முடிந்த தரை மட்டத்தை அன்றைக்கே நூல் கட்டிக் காட்ட வேண்டும். நல்ல நேரத்துக்காக அவசரமாக நிறுத்தி, பின்னால் தரை 30 மி.மீ. தாழ்ந்து போனால் சட்டம் மறுபடி தலைதூக்கும். கோலத்துக்கு இடமும் பாருங்கள். சல்லடைக் கால்வாய் வாசலை ஒட்டி வந்தால் கோலம் அதற்கு வெளியே, அந்த 1.5 மீ. சமதளத்தில். ஈரக் கோலம் வழுக்கும், நடைபாதைக்கு ஒரு பக்கமாகப் போடச் சொல்லுங்கள்.

லிஃப்ட்: வாங்காதீர்கள், இடம் மட்டும் விடுங்கள். கீழே ஒரு ஸ்டோர், அதற்கு நேர் மேலே மாடியில் ஒரு ஸ்டோர், இரண்டும் உள்ளளவு 1.6க்கு 1.6 மீ. இரண்டின் கதவும் வீட்டுக்குள் திறப்பது. அந்த இடத்தைச் சுற்றி நான்கு பக்கமும் பீம், நடுத்தளம் தனித் துண்டாக, பின்னால் அறுத்து எடுக்கலாம் என்று எஞ்சினியர் வரைபடத்திலேயே குறிப்பு. அடியில் கிரவுண்ட் பீம் குறுக்கே ஓடக் கூடாது, 300 மி.மீ. ஆழப் பள்ளம் விட்டு, மெலிந்த காங்கிரீட்டால் நிரப்பி மேலே டைல்ஸ். டி.பி. பெட்டியிலிருந்து அங்கே ஒரு காலிக் குழாய். இவ்வளவும் இப்போது செய்தால் செலவு சொற்பம்.

கைத்தாங்கல்

லிஃப்ட்டில் எனக்கு மாற்றுக் கருத்து. உங்கள் திட்டத்தில் பெரியவர்கள் கீழேயே இருக்கிறார்கள், மாடி வேறு குடும்பம். அந்த ஸ்டோரின் 1.6 மீட்டரை எடுத்துக் கீழ்க் குளியலறையையும் படுக்கையறையையும் பெரிதாக்கினால் நாளைக்கே பயன். மாடியில் இருக்கப்போகிறவர்களுக்கு வயதாகும்போது கீழே இறங்கி வருவார்கள், வீடு அதற்குத்தானே கட்டுகிறோம்.

மட்டக்கோல்

அதுவும் நியாயம். இடம் நெருக்கினால் லிஃப்ட் இடத்தை விட்டுவிடலாம். அப்போது மாடிப்படியின் அகலத்தை மட்டும் 1.1 மீட்டருக்குக் குறைக்காதீர்கள். பின்னால் படியோரம் ஓடும் நாற்காலி பொருத்த வேண்டி வந்தால் அதன் தண்டவாளம் போக ஆள் நடக்க இடம் வேண்டும், சுவர்ப்பக்கம் கீழும் மேலும் ஒரு பிளக் வேண்டும்.

சைட்_மேஸ்திரி

அப்பாவிடம் கிரானைட் கீழ்ச்சட்டத்தைச் சொல்லும்போது கிரில்காரரையும் அதே நாளில் வரச் சொல்லுங்கள். கிரானைட்டில் கிரில்லின் தாழ்ப்பாள் இறங்க 16 மி.மீ. துளை வேண்டும்; கல்லைப் பதிப்பதற்கு முன் கடையிலேயே துளைத்தால் உடையாது.